சிரிப்பு ஷாட்

சிப்பிக்கரையின் கடைத்தெருவில் மட்டும் மழை பெய்த அன்று, டைரக்டர் வில்வநாதன் லாட்ஜ் மாடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த மழை பாத்திரக்கடை வாசலில் தொடங்கி, மருந்துக்கடையைத் தாண்டி, தையற்கடைப் படியோடு நின்றுவிட்டதைப் பார்த்தார். படிக்கு அந்தப் பக்கம் புழுதி காய்ந்து கிடந்தது, ஒரு நாய் காய்ந்த பக்கத்தில் உட்கார்ந்து நனைகிற தெருவை வேடிக்கை பார்த்தது. முந்தின வாரம் அதே தெருவில் தண்ணீர் லாரியை நிறுத்தி அவர் மழைக் காட்சி எடுத்தபோது, குழாய் தையற்கடைப் படி வரைக்கும்தான் எட்டியது.

ஊர் இதற்காக வாய் பிளக்கவில்லை. அது உப்பு விளையும் ஊர். பாத்தியில் பூத்த உப்பை ஒரு நல்ல மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால் மேகம் கறுத்தாலே அங்கே முகம் கறுக்கும். மழை உப்பளத்துப் பக்கம் எட்டிப் பார்க்காமல் தெருவோடு முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதிதான். டீக்கடை ஞானதுரை மட்டும், "இனிமே மழைன்னா முன்கூட்டியே சொல்லிருங்க சார், விறகை உள்ளே எடுத்து வச்சிருவேன்" என்று டைரக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

வில்வநாதனுக்கு எழுபது கடந்திருந்தது. ஒரு காலத்தில் அவர் படத்துக்குப் போகிற பெண்கள் கூடுதலாக ஒரு கைக்குட்டை எடுத்துக்கொண்டு போவார்கள். அவருடைய எல்லாப் படமும் ஒரு சாவில் முடியும், அந்தச் சாவுக்காகவே படம் ஓடும். பிறகு ஜனங்களுக்கு அழுகை அலுத்துப்போனது, அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டிருந்த காலத்தில்தான் சென்னை வீட்டு வாசலில் கையில் ஒரு கருப்பட்டிச் சிப்பத்தோடு தவசிமுத்து அண்ணாச்சி வந்து நின்றார். சிப்பிக்கரையில் பாதி உப்பளம் அவருடையது. சினிமாவில் அதுவரை கால் வைத்தவரில்லை.

"எங்கப்பா செத்தப்ப எனக்கு அழுகை வரலை சார்," என்றார், செருப்பைக்கூடக் கழற்றாமல். "கல்லு மாதிரி நின்னேன். ஒரு மாசம் கழிச்சு உங்க படத்துல ஒரு கெழவன் செத்தான் பாருங்க, தியேட்டர்ல தேம்பித் தேம்பி அழுதேன். அப்புறந்தான் எனக்குச் சோறு எறங்குச்சு. எனக்கு ஒரு படம் எடுத்துத் தாங்க. கடைசியில நல்லபடியா ஒரு சாவு வேணும்."

அப்படித்தான் அந்தப் படம் தொடங்கியது. கதை, ஒரு உப்பளக்காரரின் கடைசி வருஷம். வீடு, அண்ணாச்சியின் சொந்த வீடு. தயாரிப்பாளர் எதிலும் தலையிடவில்லை. கேமராவுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டைரக்டரின் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். வில்வநாதனும் தன் பழைய வழக்கங்களோடு வேலை செய்தார். காட்சி மனசுக்கு உண்மையாகப் படாதவரை அவர் வாயிலிருந்து 'ஓகே' வராது. சாவுக் காட்சியைப் படப்பிடிப்பின் கடைசி நாளுக்கென்று வைத்திருப்பார். அந்தக் காட்சி முடிந்ததும், பிணமாகக் கிடந்த நடிகர் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் ஒரு ஷாட்டாக எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் நடித்தவருக்கு ஆகாது என்று சினிமாக்காரர்கள் எல்லோரும் செய்கிற சாங்கியம் ஒன்று உண்டு. வில்வநாதன் அதைத் தடுத்ததில்லை, இருந்து பார்த்ததுமில்லை. தான் கொன்றவன் சிரிப்பதைப் பார்க்கப் பிடிக்காமல் வெளியே போய்விடுவார். கேமரா உதவியாளர் யாராவது எடுத்துவிட்டு, அவராகவே கேமராவை அணைத்துவிடுவார்.

மழைக்குப் பிறகு அரிசிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணம். அந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணக் காட்சி எடுத்த பத்துப் பதினைந்து நாளுக்குள், வரன் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்த அவர் மகளுக்குச் சாத்தான்குளத்து மாப்பிள்ளை அமைந்து, அதே வாசலில் தாலி ஏறியது. படத்தில் சம்பந்தியம்மாளாக நடித்தவர் படியில் வழுக்கி விழுந்தது போலவே நிஜச் சம்பந்தியம்மாளும் வழுக்கி விழுந்தார், விழுவார் என்று தெரிந்து பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் தாங்கிப் பிடித்தார்கள். டீக்கடை முன்னால் வில்வநாதன் எடுத்த சண்டை, ஒருவரையொருவர் எதிர்த்துப் பேசியே அறியாத மாமன் மச்சான் இருவருக்குள் நடந்தது. ஞானதுரை அன்று காலையே கண்ணாடி பாட்டில்களை உள்ளே எடுத்து வைத்து, வாழைத்தாரை மட்டும் தொங்கவிட்டிருந்தார், படத்தில் வாழைத்தாரால்தான் அடித்தார்கள் என்பதால்.

ஊர் சட்டென்று பழகிக்கொண்டது. பொதுக்குழாய்க்குத் தண்ணீர் வருகிற நாளைக் கேட்பது போல, அடுத்து எந்தத் தெருவில் என்ன காட்சி என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வெளியூர்ப் பயணத்தை வைத்துக்கொண்டார்கள். லாட்ஜ் வாசலில் காலையில் ஆட்கள் பழத்தட்டோடு உட்கார்ந்தார்கள். "எங்க வீட்ல ஒரு வளைகாப்பு எடுத்துருங்க சார், மருமகளுக்கு ஏழு வருஷமா இல்லை." "எம்மவன் கப்பல்ல இருந்து எறங்கி வாற மாதிரி ஒரு சீனு." கவுன்சிலர் தன் வார்டில் ரோடு போடுவது போல ஒரு காட்சி கேட்டு, ஜல்லியும் தாரும் அவரே கொண்டு வந்து கொட்டினார். வில்வநாதன் முகதாட்சண்யத்துக்காக அதை எடுத்து உதட்டளவில் ஓகே சொன்னார். தார் டின் இன்றைக்கும் அங்கேயேதான் கிடக்கிறது. அதிலிருந்து ஊருக்கு விஷயம் புரிந்துபோயிற்று. வாய் சொல்லி நடப்பதில்லை. அந்த மனுஷனுக்கு உள்ளே பட்டால்தான் நடக்கும்.

அது புரிந்த நாளிலிருந்து வில்வநாதனுக்குத் தன் வாயைக் கண்டே பயம் வந்தது. இட்லி போதுமா என்று லாட்ஜ் பையன் கேட்டால் தலையை மட்டும் ஆட்டினார். பாத்ரூம் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்க்கக் கூசினார். மழையும் கல்யாணமும் சண்டையும் ஒருபுறம் இருக்கட்டும், முதல் வாரத்திலேயே, எதுவும் தெரியாத காலத்தில், அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் ஒரு காட்சி எடுத்து மனசார ஓகே சொல்லியிருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் உப்பளக்காரர் உட்கார்ந்திருக்கிறார், இருமல் வருகிறது, குட்டையாக இரண்டும் நீளமாக ஒன்றும் இருமி, துண்டில் ரத்தம் பார்த்து, அதைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவிட்டு, ஜன்னல் வழியே உப்புக் குவியலைப் பார்க்கிறார். அவ்வளவுதான் காட்சி.

அண்ணாச்சி இரண்டு மாதமாக அப்படியே இருமிக்கொண்டிருந்தார்.

முதலில் அதைக் கண்டுபிடித்தவள் அவர் மகள் பொற்கொடி, தூத்துக்குடியில் வங்கியில் வேலை பார்க்கிறவள். உறை மாற்றுவதற்காகத் தலையணையைத் தூக்கியவள் துண்டைப் பார்த்தாள். திருநெல்வேலியில் பெரிய டாக்டரிடம் காட்டி, எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுத்து, ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார்கள். நோய் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, பிறகு ஜன்னலைப் பார்ப்பார். ஒரு நாளில் எத்தனையோ தடவை. சாப்பிடும்போதும், போனில் பேசும்போதும், கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போதும். பின்னால் அந்த இருமல் கேட்கும்போதெல்லாம் வில்வநாதனுக்கு முதுகுத்தண்டில் யாரோ விரல் வைத்தது போலிருக்கும், அடுத்து அண்ணாச்சியின் தலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவருக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும். அவர் சொல்லிக்கொடுத்த திரும்பல் அது.

"காட்சியை அங்கேயே விட்டுட்டீங்க. அதான் அப்பாவும் அங்கேயே நிக்கிறாரு," என்றாள் பொற்கொடி. "எழுந்து நடக்கிற மாதிரி எடுங்க."

எடுத்தார். உப்பளக்காரர் வேடம் போட்டிருந்த மதுரை நாடக நடிகர் பரங்கிரி கட்டிலிலிருந்து எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், வாசலுக்கு நடந்தார். பத்துத் தடவை, இருபது தடவை. ஒவ்வொன்றும் மருந்துக் கம்பெனி விளம்பரம் போல வந்தது. வில்வநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஓகே என்று கத்திப் பார்த்தார், பின்னாலிருந்து பதிலாக இருமல் வந்தது. சென்னையிலிருந்து சிரிப்புப் படம் எடுக்கிற ஒருவரைக்கூட வரவழைத்தார்கள்; அவர் கலகலவென்று எடுத்து, தாராளமாக ஓகே சொல்லி, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார், ஊரில் ஒரு இலைகூட அசையவில்லை.

"இத்தனை படத்துல இத்தனை பேரைக் கொன்னிருக்கீங்களே," என்றாள் பொற்கொடி, "ஒருத்தரைப் பொழைக்க வைக்கத் தெரியாதா சார் உங்களுக்கு?"

தெரியாது என்று சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அதற்குள் ஊருக்கு வேறொரு யோசனை முளைத்துவிட்டது. படத்தில் ஒரு சாவு பாக்கி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு வீடு கொடுக்க முந்திக்கொண்டு வந்தவர்கள் இப்போது யூனிட் வேன் தெருவில் நுழைந்தாலே கதவைச் சாத்தினார்கள். சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து ஊரில் போய் எடுக்கலாம் என்றார் ஒருவர், அங்கே எனக்குச் சம்பந்தி வீடு இருக்கு என்றார் இன்னொருவர். சாவே வேண்டாம், படத்தை நிறுத்திவிடச் சொல்லலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அரிசிக்கடைக்காரர் மெதுவாகச் சொன்னார்: "எடுத்த சாவுன்னா எந்த வீடுன்னு தெரியும். எடுக்காம விட்ட சாவு எந்த வீட்டுக் கதவைத் தட்டும்னு யாருக்குவே தெரியும்?"

அண்ணாச்சிக்கு எப்படியும் உடம்பு சரியில்லை என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து வில்வநாதன் தெருவில் போனால் ஜனங்கள் ரொம்ப மரியாதையாக வழி விட்டார்கள். ஞானதுரை டீக்குக் காசு வாங்க மறுத்தார். "சீக்கிரம் முடிச்சிட்டு ஊருக்குக் கெளம்புங்க சார், உங்களுக்கும் வயசாச்சுல்லா," என்றார், அத்தனை அன்பாக. வில்வநாதன் பாதி டீயோடு தம்ளரை வைத்துவிட்டு நடந்தார்.

அண்ணாச்சிதான் முடிவாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன.

"முடிச்சிருங்க சார்."

"அண்ணாச்சி, நான் ரயிலேறிப் போயிடுறேன். படம் கிடக்கட்டும்."

"நீங்க போயிருவீங்க. நான் இந்த இருமல்லயே தொங்கிக்கிட்டுக் கெடக்கணுமா?" இருமினார். ஜன்னலைப் பார்த்தார். திரும்பினார். "பாத்தீங்கள்லா? தெனம் இந்த ஜன்னலை எத்தனை வாட்டிதான் பாக்கது? அந்த உப்பு எனக்கே சலிச்சுப்போச்சு."

"என்ன நடக்கும்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரிஞ்சதாலதான் பயமில்லை. துண்டை எடுப்பேன், ஜன்னலைப் பாப்பேன், கை நழுவும். நீங்க எழுதினதை நான் படிச்சிருக்கேன்லா. ஊர்ல வேற எவனுக்கு இது தெரியும், சொல்லுங்க? எல்லாப் பயலும் எப்ப எப்படின்னு முழிச்சுக்கிட்டுக் கெடக்கான்." சிரித்தார். "நல்லபடியா ஒரு சாவு வேணும்னு கேட்டேன். நீங்களும் சரின்னு சொன்னீங்க."

காலை வெளிச்சத்தில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். வீட்டு வாசலில் ஊர் நின்றது, உள்ளே வராமல். பொற்கொடி பீரோவில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கேமரா அந்தப் பீரோ மூலையில்தான் இருந்தது. மோசமாக நடித்துத் தொலையேன் என்று வில்வநாதன் பரங்கிரியை மனசுக்குள் கெஞ்சினார். ஆனால் பரங்கிரியும் பயந்து போயிருந்தார், பயந்த மனிதனுக்குப் பொய்யாக நடிக்க வரவில்லை. துண்டை எடுத்தார், அதைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், அங்கே இருந்த உப்பு யாரோ தெரிந்தவர் போல அவர் முகம் தளர்ந்தது. கை கட்டில் விளிம்பிலிருந்து நழுவித் தொங்கியது. பிறகு கண்ணை மூடி, மூக்கில் பஞ்சு வைத்து, மாலை போட்டுக் கிடத்தியதையும் ஒரே ஓட்டமாக எடுத்தார்கள். வில்வநாதன் வாழ்க்கையில் அத்தனை உண்மையான ஒன்றை எடுத்ததில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யூனிட் முழுவதும் மூச்சு விடாமல் அவர் உதட்டைப் பார்த்தது. பின்னாலிருந்து அண்ணாச்சியின் கை அவர் தோளில் வந்து அமர்ந்தது, கனமில்லாமல்.

"ஓகே," என்றார் வில்வநாதன்.

வழக்கம்போல எழுந்து வெளியே போகத்தான் பார்த்தார். தோளில் அண்ணாச்சியின் கை இன்னும் இருந்தது. அதனால் முதல் தடவையாக, சிரிப்பு ஷாட் எடுக்கும்போது அவர் கேமரா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்படி ஆயிற்று.

பரங்கிரி மாலையோடு எழுந்து உட்கார்ந்தார். சிரிப்பு வரவில்லை. பல்லைக் காட்டினார், அது அழுகை மாதிரி இருந்தது. "சிரிங்கண்ணே, சாங்கியம்," என்று கேமரா உதவியாளர் கெஞ்சினார். "எப்படிய்யா சிரிக்கது, மனுஷன் எதுக்க உக்காந்திருக்காரே," என்றார் பரங்கிரி.

"யோவ் பரங்கிரி," என்றார் அண்ணாச்சி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து, "உம்ம மூக்குல இருக்கது என் தலையணைப் பஞ்சு. போறப்ப மறக்காம எடுத்து வச்சிட்டுப் போம். எனக்கு வேணும்."

பரங்கிரிக்கு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. மூக்கில் ஒரு பக்கத்துப் பஞ்சு பறந்துபோய் ஜன்னலில் விழுந்தது, மாலை குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வர வர, கேமராவைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அழுதுகொண்டிருந்த பொற்கொடிகூடச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, பழக்கம் காரணமாகவோ என்னவோ, வில்வநாதன் வாயிலிருந்து மறுபடியும் அந்த 'ஓகே' மெதுவாக விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை, அவரும்தான். கட் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஷாட்டுக்கு யாரும் சொல்வதில்லை. உதவியாளர் கேமராவை அணைத்தார். பரங்கிரி மாலையைக் கழற்றிவிட்டு டீ கேட்டார்.

அந்த வாரமே அண்ணாச்சி இறந்தார். துண்டை எடுத்தார், ஜன்னலைப் பார்த்தார், கை நழுவியது. ஊர் தயாராக இருந்தது. பந்தல்காரர் முந்தின நாளே மூங்கில் இறக்கியிருந்தார், வெளியூர்ச் சொந்தங்கள் விசாரித்துக்கொண்டு முன்கூட்டியே வந்திருந்தார்கள். வில்வநாதனுக்கு ஊரை விட்டு ஓடிவிடத்தான் தோன்றியது, ஆனால் கால் தானாக அந்த வீட்டுக்கு நடந்தது. கூடம் நிறையப் பெண்கள். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை, ஒதுங்கி வழி விட்டார்கள், நிற்க இடமிருந்தது பீரோ மூலையில் மட்டும்தான். அங்கே போய் நின்றார். பொற்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் பயப்படவில்லை. அது நியாயமானது என்று நினைத்தார்.

மாலைக்குக் கீழே அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார்.

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. அண்ணாச்சி பீரோ மூலையைப் பார்த்தார், வில்வநாதனின் முகத்துக்கு நேராக, சிரித்தார். மூக்குப் பஞ்சு பறந்து ஜன்னலில் விழுந்தது. மாலை குலுங்கியது. வெளியூர்க்காரர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். உள்ளூர்ப் பெண்கள் இரண்டடி பின்னால் நகர்ந்து உட்கார்ந்து, "இதையும் எடுத்திருக்காவ போல," என்று முணுமுணுத்துக்கொண்டார்கள். பொற்கொடி "அப்பா!" என்று பாய்ந்து பிடித்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. பீரோ மூலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

சிரிப்பு நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, மூச்சுக்கு இடமில்லாமல் முகம் நீலம் பாரித்தது, கண் இரண்டும் வில்வநாதனைவிட்டு அசையாமல், சிரிப்போடு துளியும் சேராமல், எதையோ கெஞ்சிக்கொண்டு நின்றன.

"சார், ஏதாவது சொல்லுங்க சார்!" என்று கத்தினாள் பொற்கொடி.

என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லுக்குப் பிறகு விளக்கை அணைத்திருக்கிறார்கள், செட்டுச் சுவரைப் பிரித்திருக்கிறார்கள், இருந்த மனிதர்கள் இல்லாமல் போயிருக்கிறார்கள். சொன்னால் இந்த மனிதன் திரும்பச் சாய்ந்துவிடலாம். சொல்லாவிட்டால் சிரித்தே செத்துப்போவான். இரண்டில் எதையும் அவர் எடுத்திருக்கவில்லை.

"கட்," என்றார்.

சிரிப்பு அறுந்தது. அண்ணாச்சி வாயைத் திறந்தபடி ஒரு நிமிஷம் அப்படியே இருந்தார். பிறகு நீளமாக மூச்சை இழுத்தார், மாலையைக் கழற்றிக் கட்டிலின் காலில் மாட்டினார், சுற்றிலும் பார்த்து, "டீ இருக்கா?" என்றார்.

டீ வந்தது. குடித்தார். கூடமே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. இருமல் வரவில்லை. ஜன்னல் பக்கமும் அவர் திரும்பவில்லை. வாசலில் பந்தல்காரர், பிரிக்கவா விடவா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அடுத்து என்ன சீன் சார்?" என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணும் எழுதலை அண்ணாச்சி. படம் முடிஞ்சிருச்சு."

"அப்ப இனிமே?"

"தெரியாது."

அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்தார். ஜன்னலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார், பிணமாகக் கிடந்தபோதுகூட அந்த முகத்தில் வராத பயம் இப்போது மெல்ல ஏறி வந்து கண்ணில் நின்றது.

"சார்," என்றார், "கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க."

வில்வநாதன் பீரோ மூலையை விட்டு வந்து, மாலையைச் சற்று ஒதுக்கிவிட்டு, கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.